வாழச் சொன்ன ஆணை

கேள்வி:

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு டெல்லி போயிருந்தோம். சாந்தினி சௌக்கில் சீஸ்கஞ்ச் குருத்வாராவுக்குப் போனோம். தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போய் வணங்கினோம், லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் சாப்பிட்டோம், மனசுக்கு நிறைவாக இருந்தது. வெளியே வந்து அருங்காட்சியகத்துக்குள் போன பிறகுதான் சங்கடம். ஓர் ஓவியத்தில் ஒருவரை நிற்க வைத்து ரம்பத்தால் அறுக்கிறார்கள். இன்னொன்றில் ஒருவரைக் கொப்பரையில் போட்டு வேகவைக்கிறார்கள். என் எட்டு வயது மகன் ஒவ்வொரு படத்தையும் நின்று பார்த்துவிட்டு, “அம்மா, ‘சரி, நான் மாறிட்டேன்’னு சும்மா ஒரு பொய் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு விடுதியில் படித்தபோது, குரு கோவிந்த் சிங்கின் சின்னஞ்சிறு பிள்ளைகளை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டேன். தூக்கம் போய்விட்டது.

தெரிந்தே சாவை ஏற்றுக்கொள்வது தற்கொலை ஆகாதா? குழந்தைகள் கொல்லப்பட்டதைத் தியாகம் என்று சொல்லலாமா? இப்படிச் சாவைப் போற்றும் ஒரு சமயம், இளைஞர்களைச் சாகத் தூண்டிவிடாதா? யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை ஐயா, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:



உங்கள் மகன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். வழி திறந்தே இருந்தது. 1675 நவம்பரில் டெல்லியில் சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான தேக் பகதூர் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன என்கிறது சீக்கிய மரபு: இஸ்லாத்தை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் ஓர் அற்புதம் செய்து காட்ட வேண்டும், இரண்டும் முடியாதென்றால் சாக வேண்டும். முதலிரண்டில் ஏதாவது ஒன்றுக்கு இசைந்திருந்தால் அவர் அனந்தபூருக்குத் திரும்பியிருப்பார். அங்கே ஒன்பது வயதுகூட நிறையாத மகன் காத்திருந்தான்.

அவர் தனக்காக மட்டும் டெல்லிக்குப் போயிருந்தால் அந்தப் பொய்யால் வேறு யாருக்கும் கேடில்லை என்றாவது வாதாடலாம். ஆனால் அவர் போனது பிறருக்காக. காஷ்மீரிலிருந்து கிருபா ராம் தலைமையில் பண்டிதர்கள் வந்து, எங்களைக் கட்டாயமாக மதம் மாற்றுகிறார்கள், காப்பாற்றுங்கள் என்று முறையிட்டிருந்தார்கள். அந்தப் பண்டிதர்கள் பூணூல் அணிந்தவர்கள். முதல் குருவான நானக், சிறு பையனாக இருந்தபோதே தனக்குப் பூணூல் போட வந்த புரோகிதரிடம் வேண்டாமென்று மறுத்தவர். அந்த மரபில் வந்த ஒன்பதாவது குரு, தான் ஏற்காத ஒரு சடங்கை மற்றவர்கள் அஞ்சாமல் செய்துகொள்ளும் உரிமைக்காகத் தலையைக் கொடுத்தார். பொய் சொல்லியிருந்தால் அவர் உயிர் பிழைத்திருக்கும். அவரை நம்பி வந்தவர்களுக்கு நிற்க இடம் இருந்திருக்காது. எட்டு வயதுப் பையனுக்கு இது புரியும். வகுப்பில் ஒரு பையனை மற்றவர்கள் அடிக்கும்போது ‘அவன் என் சிநேகிதன்’ என்று குறுக்கே போய் நின்றுவிட்டு, நம் பக்கம் கை ஓங்கினதும் ‘எனக்கு அவனைத் தெரியாது’ என்று சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

முகலாயர் தரப்புப் பாரசீக ஆவணங்கள் குரு தேக் பகதூரைக் கலகக்காரர் என்று எழுதிவைத்திருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது சீக்கியர்கள் தங்கள் நெஞ்சில் வைத்திருக்கும் வரலாற்றை. அவர்களுடைய அறம் அதிலிருந்துதான் உருவானது.

இனி, தற்கொலையா என்ற கேள்வி. எனக்குப் பல ஆண்டுகளாக உதவிவரும் ஓர் உரைகல் உண்டு. கடைசி நிமிடத்தில் எதிராளி மனம் மாறியிருந்தால் இந்த மனிதர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போயிருப்பாரா, ஏமாந்திருப்பாரா? முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் ‘பண்டிதர்களை விட்டுவிடுகிறேன், நீங்களும் போகலாம்’ என்று சொல்லியிருந்தால் குரு தேக் பகதூர் அன்றே குதிரை ஏறியிருப்பார். சாவு அவர் தேடிப் போன பொருள் இல்லை. கொல்கிறவன் கையிலிருந்த மிரட்டல் அது, அதற்கு அவர் பணியவில்லை. அவருக்கு முன்னால் கொல்லப்பட்ட பாயி மதி தாஸ், பாயி சதி தாஸ், பாயி தயாளா மூவருக்கும் இதுவே பொருந்தும். நீங்கள் பார்த்த ஓவியங்கள் இவர்களுடையவை. சீக்கியர்கள் அன்றாடம் நின்று சொல்லும் அர்தாஸ் பிரார்த்தனையில் ரம்பத்தால் அறுபட்டவர்களும், அங்கம் அங்கமாக வெட்டுண்டவர்களும், தலைத்தோல் உரிக்கப்பட்டவர்களும் நினைக்கப்படுகிறார்கள். அந்த வேதனைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, இத்தனைக்கும் அவர்கள் நம்பிக்கையை விடவில்லை என்றுதான் அந்தப் பகுதி முடிகிறது. வலியால் புண்ணியம் சேரும் என்ற எண்ணம் அங்கே கிடையாது.

கிடையாது என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பை வதைத்து வீடுபேறு தேடும் வழக்கத்தைக் குரு நானக் கடுமையாக மறுத்தார். அவர் குடும்பஸ்தர், கடைசிக் காலத்தில் கர்தார்பூரில் நிலத்தை உழுது வாழ்ந்தவர். மூன்றாவது குருவான அமர் தாஸ், கணவனோடு மனைவி தீயில் விழும் சதியை எதிர்த்தார். நோன்பால் பலன் உண்டு என்ற நம்பிக்கைக்கும் சீக்கிய நடைமுறை விதிகளில் இடமில்லை. சீக்கியப் பார்வையில் மனிதனின் பெரிய நோய் ‘ஹௌமை’, அதாவது நான் என்னும் முனைப்பு. தியாகி என்று பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையும் அந்த நோயின் ஒரு வடிவம்தான். தலையை உள்ளங்கையில் ஏந்தி வா என்று குரு நானக்கின் வாக்கு ஒன்று உண்டு. மேடைகளில் அதைப் போர் முழக்கமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை முதலில் கேட்டவர்கள் ஏர் பிடித்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள், லங்கரில் ரொட்டி சுட்டவர்கள். முனைப்பைத் தினந்தோறும் இறக்கிவைக்கச் சொன்ன வாக்கு அது. போர் பின்னால் வந்தது.

1699 வைசாகித் திருநாளன்று அனந்தபூரில் குரு தேக் பகதூரின் மகன் குரு கோவிந்த் சிங் உருவிய வாளோடு நின்று தலை கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து பேர் எழுந்தார்கள். லாகூர்க்காரர் ஒருவர், ஹஸ்தினாபூரிலிருந்து ஒருவர், பூரியிலிருந்து தண்ணீர் சுமப்பவர், துவாரகையிலிருந்து ஒருவர், பீதரிலிருந்து நாவிதர். ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குள் போனார்கள். கடைசியில் ஐவரும் புத்தாடை அணிந்து உயிரோடு வெளியே வந்தார்கள். அமிர்தம் பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சா பிறந்த நாளில் ஒரு மனிதத் தலையும் விழவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஐவருக்கும் அமிர்தம் கொடுத்த குரு, அவர்கள் முன் கைகூப்பி நின்று, எனக்கும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஐந்து சீக்கியர்கள் கூடி முடிவு செய்தால் அதற்குக் குருவும் கட்டுப்பட்டவர் என்ற வழக்கம் அன்று வேரூன்றியது.

அந்த வழக்கம் என்ன செய்தது என்பதைச் சம்கௌரில் பார்க்கலாம். சாவைப் போற்றும் சமயமா என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது அந்த ஊரைத்தான்.

1704 டிசம்பர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மாதக்கணக்கில் முற்றுகையிலிருந்த அனந்தபூரைவிட்டு, பத்திரமாகப் போகலாம் என்று எதிரிகள் சத்தியம் செய்து கொடுத்ததை நம்பி, குரு கோவிந்த் சிங் குடும்பத்தோடு கிளம்பினார். வழியில் சத்தியம் மீறப்பட்டது, தாக்கினார்கள். சர்சா ஆற்றில் குளிர்கால வெள்ளம். ஆற்றைக் கடப்பதற்குள் பலர் செத்தார்கள், குடும்பம் சிதறிப்போனது. குருவும் மூத்த பிள்ளைகள் இருவரும் நாற்பது சீக்கியர்களும் சம்கௌரில் மண்சுவர் வைத்த ஒரு கோட்டைவீட்டுக்குள் ஒதுங்கினார்கள். விடிந்தால் சுற்றிலும் படை. அம்பும் மருந்தும் தீரத் தீர, ஐந்து ஐந்து பேராக வெளியே போய்ப் பொருதி மடிந்தார்கள். பதினெட்டு வயதளவில் இருந்த அஜீத் சிங் ஒரு குழுவோடு போனான். பதினாலு வயதளவில் இருந்த ஜுஜார் சிங் அடுத்த குழுவோடு போனான். தகப்பன் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டியபோது மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். விடிந்ததும் தானும் போவதென்று குரு இருந்தார். அந்த நேரத்தில் அவர் மனசுக்கு அதுதான் எளிதான வழியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெற்ற பிள்ளைகள் இருவரின் உடல்கள் வெளியே களத்தில் கிடக்கின்றன. வாளை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால் அரை நாழிகையில் எல்லாம் முடிந்துவிடும். வரலாறும் அவரைக் கொண்டாடியிருக்கும்.

மிஞ்சியவர்களில் ஐந்து பேர் கூடினார்கள். 1699-இல் முதலாவதாக எழுந்த தயா சிங் அவர்களில் ஒருவர். நீங்கள் இங்கே சாகக் கூடாது, இன்றிரவே வெளியேற வேண்டும், இது கால்சாவின் ஆணை என்றார்கள். குரு கீழ்ப்படிந்தார். அவரைப் போன்ற தோற்றமுடைய சங்கத் சிங், குருவின் உடையையும் தலைப்பாகையில் செருகும் கலகி என்ற இறகணியையும் அணிந்து கோட்டைக்குள் இருந்தார். குரு நள்ளிரவில் வெளியேறினார். ஒளிந்து ஓடினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, கைகளைத் தட்டி ஒலியெழுப்பி, இதோ போகிறேன் என்று அறிவித்துவிட்டுப் போனார் என்கிறது மரபு. அந்த இடத்தில் இன்றும் தாடி சாகிப் என்ற குருத்வாரா இருக்கிறது. ‘தாடி’ என்றால் அங்கே கைதட்டல்.

சங்கத் சிங் அங்கேயே மடிந்தார். ஒருவரை வாழச் சொன்ன ஆணை இன்னொருவரைச் சாவுக்கு நிறுத்தியது. இந்த இடம் எனக்கு எப்போதும் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒரு சமயத்தின் தலைவர், களத்தில் வீரமாகச் சாகும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தன் தொண்டர்களின் சொல்லுக்கு அடங்கி உயிரோடு போகிறார். அவமானம் என்று அவர் நினைக்கவில்லை, சீக்கியர்களும் நினைக்கவில்லை. பிழைத்துப் போனதால்தான் ஔரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் ‘ஜஃபர்நாமா’ என்ற கடிதத்தை எழுதினார். சத்தியத்தை மீறினாயே என்று பேரரசனை நேருக்கு நேர் கேட்கும் கடிதம் அது. மற்ற வழிகளெல்லாம் அடைபட்ட பிறகே வாளெடுப்பது முறையாகும் என்ற வரம்பையும் அதில்தான் வகுத்தார். பிழைத்துப் போனதால்தான் தல்வண்டி சாபோவில் உட்கார்ந்து, தந்தை தேக் பகதூரின் பாடல்களைச் சேர்த்துப் புனித நூலான ஆதி கிரந்தத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தார் என்று சீக்கியர்கள் நன்றியோடு நினைக்கிறார்கள். 1708-இல் நாந்தேட்டில் கண்மூடுவதற்கு முன் அந்த நூலையே இனிக் குரு என்று அறிவித்தார். அன்றிரவு சம்கௌர்க் கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருந்தால் இவற்றில் ஒன்றும் இல்லை.

இதே நோக்கில்தான் பாயி மணி சிங்கின் கதையையும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வேன். 1730-களில் அமிர்தசரஸில் தீபாவளிக்கு சீக்கியர்கள் கூட அனுமதி கேட்டு, லாகூர் ஆளுநர் ஜக்கரியா கானுக்குப் பெருந்தொகை வரி கட்ட அவர் ஒப்புக்கொண்டார். கூட்டம் சேர்ந்ததும் படையை ஏவிக் கொல்லத் திட்டமிருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது. யாரும் வர வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார். கூட்டம் இல்லை, காணிக்கை இல்லை, வரி கட்டப் பணமும் இல்லை. லாகூரில் அவரை மூட்டு மூட்டாக வெட்டிக் கொன்றார்கள். அந்த மரணத்தைப் படமாகத் தீட்டியிருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள். அவர் தடுத்து நிறுத்திய மரணங்களை யாரும் படமாகத் தீட்டுவதில்லை. எத்தனை பேர் அந்தத் தீபாவளிக்கு வீட்டிலிருந்து உயிர் பிழைத்தார்களோ! வாருங்கள், எல்லோரும் ஷஹீத் (தியாகி) ஆகலாம் என்று அவர் அழைத்திருந்தால் நூற்றுக்கணக்கில் வந்திருப்பார்கள்.

பயந்து போனவர்களை இந்த மரபு என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். அனந்தபூர் முற்றுகையில் பசி தாங்காமல் நாற்பது பேர், நீங்கள் எங்கள் குரு இல்லை, நாங்கள் உங்கள் சீடர்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாயி பாகோ என்ற பெண்மணி அவர்களைத் திரும்பக் கூட்டிவந்தார். இன்று முக்த்சர் எனப்படும் ஊரில் குருவைத் துரத்திவந்த படையை மறித்து நின்று மடிந்தார்கள். உயிர் போகும் நிலையில் கிடந்த மகான் சிங்கின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உனக்கு என்ன வேண்டும் என்று குரு கேட்டாராம். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள் என்றாராம் அவர். இத்தனை நாளும் குரு அதைக் கையிலேயே வைத்திருந்தார், அங்கேயே கிழித்தார். அர்தாஸில் அந்த நாற்பது பேருக்கும் இடமுண்டு.

இப்போது குழந்தைகள். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான், எனக்கும் இது எளிதான கேள்வி இல்லை.

சர்சா வெள்ளத்தில் சிதறியபோது, ஜோராவர் சிங், ஃபதே சிங் என்ற இளையவர்கள் இருவரும் பாட்டி மாதா குஜ்ரியோடு பிரிந்துபோனார்கள். மூத்தவனுக்கே ஒன்பது வயதுக்கு மேல் இல்லை. அடைக்கலம் கொடுத்த அவர்கள் வீட்டுச் சமையல்காரனே காட்டிக்கொடுத்தான். சிர்ஹிந்த் ஆளுநர் வஜீர் கான், டிசம்பர்க் குளிரில் மூவரையும் திறந்த கோபுரமொன்றில் அடைத்துவைத்தான். மதம் மாறினால் விடுதலை என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். மறுத்தார்கள். சுவர் எழும்பியது. செய்தி கேட்டு, அல்லது கேட்பதற்குச் சற்று முன்பே, பாட்டியும் இறந்துபோனார்.

சீக்கியர்கள் இந்தப் பிள்ளைகளைப் பாபா ஜோராவர் சிங், பாபா ஃபதே சிங் என்கிறார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் மரியாதை அது. 2022-இல் இந்திய அரசு டிசம்பர் 26-ஐ ‘வீர் பால் திவஸ்’ (வீரக் குழந்தைகள் நாள்) என்று அறிவித்தபோது, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அந்தப் பெயரை ஏற்கவில்லை. குழந்தைகள் என்ற சொல்லால் அவர்களைச் சுருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு தாயாக நீங்கள் கேட்டதற்கு என் மனசில் படுவதையே சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளைச் சாவுக்கு யாரும் அனுப்பவில்லை. தகப்பனுக்கு அவர்கள் இருக்குமிடமே தெரியாது. பெரியவர்கள் எல்லோரும் கைவிட்ட இடத்தில் இரண்டு சிறுவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொல்லிவிட்டு நின்றார்கள். அவர்களை வணங்கலாம். நம் பிள்ளையிடம் நீயும் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லக் கூடாது. இந்தக் கதையின் கேள்விகள் பெரியவர்களுக்கானவை, கதைக்குள்ளேயே அதற்கான ஆட்களும் இருக்கிறார்கள்.

மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகம்மது கான் குருவை எதிர்த்துப் போரிட்டவர். சண்டையில் உடன்பிறந்தானைப் பறிகொடுத்தவர் என்றும் சொல்வார்கள். பழி தீர்த்துக்கொள்ளச் சொல்லி வஜீர் கான் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைக்க முன்வந்தபோது, பகை தகப்பனோடுதான், பால்குடி மாறாத பிள்ளைகளைக் கொல்வது இஸ்லாத்துக்கே அடுக்காது என்று எதிர்த்துப் பேசிவிட்டு அவையைவிட்டு வெளியேறினார். 1947 பிரிவினையில் பஞ்சாப் முழுக்க ரத்த ஆறு ஓடியபோது மாலேர்கோட்லாவில் முஸ்லிம்கள் பாதுகாப்பாக இருந்தார்கள், அதற்கு அந்த ஒரு சொல்லைச் சீக்கியர்கள் நன்றியோடு நினைவுவைத்திருந்ததே காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். மோத்தி ராம் மெஹ்ரா என்பவர் பிள்ளைகள் அடைபட்டிருந்த கோபுரத்துக்குள் திருட்டுத்தனமாகப் பால் கொண்டுபோய்க் கொடுத்தார். இறந்த மூவரின் தகனத்துக்கு இடம் கேட்டபோது, தேவையான நிலத்தைப் பொற்காசுகளால் மூடினால் தருகிறேன் என்றார்கள். செல்வந்தர் தோடர் மல் காசுகளைச் செங்குத்தாக நிறுத்தி அந்த நிலத்தை வாங்கினார். டிசம்பர் கடைசியில், பிள்ளைகள் மடிந்த இடமான ஃபதேகர் சாகிபில் லட்சக்கணக்கில் கூடுகிறவர்கள் நவாப், மெஹ்ரா, தோடர் மல் மூவரின் பெயரையும் சொல்கிறார்கள். அந்த நாட்களில் அந்த வட்டாரத்தில் கல்யாணம் வைப்பதில்லை, பழைய தலைமுறையினர் கட்டிலில் படுக்காமல் தரையில் படுப்பார்கள்.

உங்கள் மகனுக்கு இப்போதைக்கு ஒரு கதை போதுமென்றால் பாயி கன்னையாவின் கதையைச் சொல்லுங்கள். அனந்தபூர்ச் சண்டையில் தோல்பையில் தண்ணீர் சுமந்து காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தவர். எதிரிகளுக்கும் கொடுக்கிறார் என்று குருவிடம் புகார் போயிற்று. எந்த முகத்தைப் பார்த்தாலும் உங்கள் முகமாகவே தெரிகிறது என்றார் கன்னையா. தண்ணீரோடு இந்த மருந்தையும் போடு என்று குரு களிம்பை எடுத்துக் கொடுத்தார்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இப்படிப் போற்றுவது இளைஞர்களைச் சாகத் தூண்டாதா? தூண்டும், தூண்டியும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் உங்களுக்குப் பதில் சொன்னவனாக மாட்டேன்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபின் மிகத் தூய்மையான வெளிப்பாடு எது என்று கேட்டால் 1922-இன் குரு கா பாக் போராட்டத்தைச் சொல்வேன். அமிர்தசரஸுக்குப் பக்கத்துக் கிராமத்தில், குருத்வாராத் தோட்டத்திலிருந்து லங்கருக்கு விறகு வெட்டியவர்களைத் திருட்டுக் குற்றம் சாட்டி அரசு கைது செய்தது. அதை எதிர்த்துச் சீக்கியர்கள், தங்கள் தலைமைப் பீடமான அகால் தக்த்தில் அகிம்சை உறுதி எடுத்துக்கொண்டு நாள்தோறும் நூறு பேர் போல நடந்து வந்தார்கள். இரும்புப் பூண் போட்ட தடியால் போலீஸார் அடிக்க அடிக்க, கையை ஓங்காமல் விழுந்து, முடிந்தால் எழுந்து, மறுபடி விழுந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்கள், அடிக்கத் தெரியாதவர்கள் இல்லை. காந்தியின் நண்பர் தீனபந்து ஆண்ட்ரூஸ் நேரில் பார்த்துக் கலங்கிப்போய் எழுதினார், ஆளுநரிடமும் போய்ப் பேசினார். அதற்குப் பிறகு அடி நின்றது. கைதுகள் ஐயாயிரத்தைத் தாண்டின. என் உரைகல்லை இங்கே உரசிப் பாருங்கள். விறகை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரசு சொல்லியிருந்தால் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

1961-இல் மாஸ்டர் தாரா சிங் பஞ்சாபி மொழி மாநிலத்துக்காகச் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்து, 48 நாளில் முடித்துக்கொண்டார். குருவின் முன் அர்தாஸ் செய்து கொடுத்த வாக்கை மீறினார் என்று அகால் தக்த்தில் ஐவர் கூடி அவரைக் குற்றவாளி என்றார்கள். லங்கர்ப் பாத்திரங்களையும், வந்தவர்களின் செருப்புகளையும் துடைக்கும் தண்டனை கிடைத்தது. அந்த வாக்குத் தவறிய களங்கத்தைப் போக்குவேன் என்று சொல்லி 1969-இல் தர்ஷன் சிங் ஃபேருமான் பட்டினி கிடந்து 74-ஆம் நாள் உயிர்விட்டார். சண்டிகரைப் பஞ்சாபுக்குத் தர வேண்டும் என்பது கோரிக்கை. அவருடைய நேர்மைமீது எனக்கு ஐயமில்லை. ஆனால் நோன்பையே ஏற்காத சமயத்தில் பட்டினிச் சாவு எப்படி வழியாகும் என்று சீக்கியர்களே கேட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நான். வாக்குக் கொடுத்தவரைச் சாகவிடாமல் தடுக்க, சம்கௌரில் கூடியதுபோல ஐந்து பேர் கூடியிருக்க வேண்டும்.

1984-க்குப் பிறகான பஞ்சாபைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்தது, நவம்பரில் டெல்லித் தெருக்களில் சீக்கியர்கள் கொளுத்தப்பட்டார்கள், பிறகு பத்தாண்டுகள் இரு பக்கமும் கொலை. 1995 ஆகஸ்ட் 31 அன்று சண்டிகர் தலைமைச் செயலகத்தில் ஓர் இளைஞன் உடம்பில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு முதலமைச்சர் பியந்த் சிங்கைக் கொன்றான். கூடவே பதினாறு பேர் செத்தார்கள். அவன் படம் இன்று அமிர்தசரஸ் மத்திய சீக்கிய அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்துக் காவல்துறைக் கொடுமையைச் சொல்லி அதை நியாயப்படுத்துகிறவர்களோடு நான் பேசியிருக்கிறேன். அவர்களுடைய காயம் உண்மையானது. ஆனாலும் அந்தச் செயலைக் குரு தேக் பகதூரின் வரிசையில் வைக்க என்னால் முடியாது. அந்தத் திட்டம் நிறைவேற அவன் சாக வேண்டும், பக்கத்தில் நின்ற டிரைவர்களும் காவலர்களும் சாக வேண்டும். எதிராளி மனம் மாற அதில் ஒரு நொடிகூட இடம் விடப்படவில்லை.

அதற்கு ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 6 அன்று, அமிர்தசரஸில் தன் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்த ஜஸ்வந்த் சிங் கால்ராவைப் போலீஸார் தூக்கிப்போனார்கள். அவர் ஒரு வங்கி ஊழியர். காணாமல் போனவர்களைத் தேடிச் சுடுகாடுகளுக்குப் போய், எத்தனை உடலுக்கு எவ்வளவு விறகு கொடுக்கப்பட்டது என்ற பதிவேடுகளைப் புரட்டி, போலீஸார் பெயரில்லாமல் எரித்த உடல்களைக் கணக்கெடுத்தவர். கனடாவில் போய்ப் பேசினார். திரும்பிப் போகாதே, கொன்றுவிடுவார்கள் என்று அங்கே நண்பர்கள் தடுத்தார்கள். திரும்பினார். கொன்றார்கள். அவர் சொன்னதைப் பின்னால் விசாரித்த சிபிஐ, அமிர்தசரஸ் மாவட்டத்தின் மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 உடல்கள் சட்டவிரோதமாக எரிக்கப்பட்டதை உறுதி செய்தது. 2005-இல் போலீஸார் ஆறு பேருக்குத் தண்டனை கிடைத்தது.

கால்ராவின் கையில் ஆயுதம் இல்லை. தனக்கு அறிமுகமில்லாதவர்களின் பிள்ளைகளுக்காகப் போனார், மிரட்டலைக் கேட்டுக்கொண்டே தன் வேலையைச் செய்தார், விட்டிருந்தால் சாயங்காலம் மனைவி மக்களோடு சாப்பிட உட்கார்ந்திருப்பார். சாந்தினி சௌக்கில் நீங்கள் பார்த்த ஓவியங்களின் வாரிசு இவர்தான் என்று நான் நம்புகிறேன். உங்கள் மகன் கல்லூரிக்குப் போகும் வயதில் இவரைப் பற்றிச் சொல்லுங்கள். அப்போதும் அவன், பொய் சொல்லிவிட்டு கனடாவிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்கக்கூடும். கேட்கட்டும்.